கலாதேவியின் லேப்டாப்புக்கு நெற்றி எங்கே?

ஆயர் தாவார் வட்டாரத்தில் போன மாதம் ஒரு பேச்சு கிளம்பியது. செம்பனைத் தோட்டத்து முனியாண்டி, கலாதேவி வாங்கின புது லேப்டாப்பின் கண்ணைக் குத்திவிட்டாராம். சாமி இதுவரை ஆட்களைத்தான் பிடித்திருக்கிறது, சாமான்களைத் தொட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. அதனால் விஷயத்தை நேரில் விசாரிக்க வேண்டியதாயிற்று.

விசாரித்தால், கண் போனது நிஜம். லேப்டாப்பைத் திறந்து கேமராவைப் போட்டால் முகம் வர வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஓர் இருட்டு. பக்கத்து வீட்டு வீரம்மா சீனி கடன் கேட்க வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். சீனியை மறந்து செய்தியோடு கிளம்பியவள், சாயங்காலத்துக்குள் சித்தியவான் டவுன் வரைக்கும் சேர்த்துவிட்டாள்.

கலாதேவிக்குச் சாமியைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் வியாழக்கிழமையைப் பற்றித்தான். கையுறை ஃபேக்டரியில் நின்று நின்றே அவள் முட்டி தேய்ந்துபோயிருந்தது. இனி நின்று செய்கிற வேலை ஆகாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று தேடிக் கண்டுபிடித்தாள். தண்ணீர் வடிகட்டி விற்கிற கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் புகாரைத் தமிழில் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். அதற்கான நேர்முகம் வியாழன் காலை, வீடியோவில். முகம் தெரியாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதற்காகவே ஈப்போவில் வாங்கிய லேப்டாப் அது.

கண் எப்படிப் போனது? சனிக்கிழமை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை, புதுச் சாமான் எது வாங்கினாலும் எல்லாரும் செய்வதைச் செய்தாள், முனியாண்டி கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பூசாரி ராஜு வாரநாட்களில் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவர். லாரிக்கு முன்கண்ணாடிக்கு மேலே பொட்டு, மோட்டார் சைக்கிளுக்கு விளக்குக்கு மேலே பொட்டு என்று அவருக்குக் கை பழகியிருந்தது. லேப்டாப்பைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுக்கு நெத்தி எங்க கலா?"

"மேலதான் இருக்கும்ணே."

மேலே, நட்டநடுவில், சந்தனத்தைக் குழைத்து அழுத்தி வைத்தார் ராஜு. அங்கேதான் கேமரா இருந்தது. கேமராவை மூடித் திறக்க நெல்மணி அகலத்துக்கு ஒரு தகடும் இருந்தது. ஈரம் காயுமுன்னே லேப்டாப்பை மூடிச் சாமி காலடியில் வைத்தார். எலுமிச்சம்பழத்தை எந்த டயருக்கு அடியில் வைப்பது என்று அவர் தேட ஆரம்பித்தபோதுதான் கலாதேவி தடுத்தாள்.

திங்கட்கிழமை சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டாள். தகடு மட்டும் அசையவில்லை. கடையிலிருந்து வரும்போதே இறுகித்தான் வந்ததா, சந்தனம்தான் இறுக்கியதா என்பதற்குச் சாட்சி யாரும் இல்லை. அப்படி ஒரு தகடு இருப்பதே கலாதேவிக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஈப்போ பஸ்ஸில் ஏறும்போது, அது கடையிலேயே இறுகியிருந்தது என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. இருந்தாலும் ஒரு காப்புக்காக, பஸ் பாதி தூரம் போனபிறகு, மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்: வாரண்டியிலேயே சரிபண்ணிக் குடுத்துட்டா உனக்கு ஒரு சுருட்டு வைக்கிறேன் முனியாண்டி.

கடையில் அஸ்வான் என்ற பையன் இருந்தான். தமிழ் முஸ்லிம் பையன், நல்ல பேச்சு. லேப்டாப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மூக்கருகே கொண்டுபோனான்.

"அக்கா, சந்தன வாசம் அடிக்குதே."

"எங்க வீட்டுல எல்லாமே அப்படித்தான் தம்பி வாசம் அடிக்கும்."

"சாமி கும்பிட்டீங்களா?"

"கும்பிடாம இருப்பாங்களா? நல்லா இருக்கணும்னுதானே வாங்குறோம்."

"சந்தனம்லாம் வாரண்டியில வராதுக்கா. தாக் போலே லா, முடியாது."

"வராதுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு."

அஸ்வான் தேடினான். தண்ணீர் படக்கூடாது, கீழே போடக்கூடாது, எறும்பு புகக்கூடாது என்றெல்லாம் இருந்தது. சந்தனத்தைப் பற்றிப் பேச்சில்லை. முதலாளி மதியத்துக்கு மேல்தான் வருவார் என்றான். கலாதேவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முட்டிக்கு அது வசதியாகவும் இருந்தது. கொண்டுவந்த தேத்தண்ணீரைக் குடித்தாள். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தன் கதையை முதலிலிருந்து சொன்னாள். இரண்டு பேர் வாங்காமலே திரும்பிப் போனார்கள்.

"அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க, நான் கூப்புடுறேன்."

"போறேன். அதுக்கு முன்னாடி, அங்க அடுக்கி வச்சிருக்கியே, அதே லேப்டாப்பு. அதுங்க தகட்டையெல்லாம் மூடித் தொறந்து காட்டு."

தொல்லை விட்டால் போதும் என்று அஸ்வான் காட்டினான். முதலாவது வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாதியில் நின்றது. நகத்தால் நெம்பினான், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினான்.

"இதுக்கு யாரு தம்பி பொட்டு வச்சா?" என்றாள் கலாதேவி.

அஸ்வான் முதலாளிக்குப் போன் போட்டான். தகட்டை வாரண்டியில் மாற்றித் தருவதாக முடிவாயிற்று. ஆனால் சாமான் கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று தெரியாது.

"எனக்கு வியாழக்கிழமை மூஞ்சி தெரியணும்" என்றாள்.

பழைய போன் கார்டு ஒன்றைச் சீவி மெல்லிசாக்கி, அரைமணி நேரம் நோண்டி, அஸ்வான் தகட்டை ஒருவழியாகத் தள்ளிவிட்டான். திரையில் கலாதேவியின் முகம் வந்தது, வியர்வையும் பிடிவாதமுமாக.

"சாமான் வர்ற வரைக்கும் மூடிடாதீங்கக்கா. மூடினா நானே வந்தாலும் தொறக்காது."

வியாழன் காலை நேர்முகத்தில் ஒரு பெண்மணி கேட்டாள், "வாடிக்கையாளர் கோபத்துல போனை வைக்கவே மாட்டேன்னு அடம்பிடிச்சா என்ன செய்வீங்க?"

"அவங்க வந்த வேலைய முடிச்சுக் குடுத்துருங்க மேடம். இல்லைன்னா போகமாட்டாங்க. நான் போனதில்ல."

வேலை கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் கலாதேவி சுருட்டு வேண்டுதலையும் வீரம்மாவிடம் சொல்லிவிட்டாள். சாமி கண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று வீரம்மா சித்தியவானுக்குத் திருத்தம் அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ராஜு கேட்டார், "சுருட்டு வேண்டிக்கிட்டியாமே?"

"வாரண்டியில சரிபண்ணாத்தான்னு வேண்டிக்கிட்டேன்ணே. தொறந்துதான் விட்டிருக்காங்க. சாமான் இன்னும் வரல."

"சாமிகிட்டயே இப்படிப் பேசுறியே. பாதிச் சுருட்டாவது வைலா."

"பாதி எந்தக் கடையில விக்குது? சாமான் வரட்டும், முழுசா வைக்கிறேன்."

லேப்டாப்பின் கண் இப்போது ராத்திரி பகல் திறந்தே கிடக்கிறது. வேலை இல்லாத நேரத்தில் அது வீட்டை வேடிக்கை பார்க்காமலிருக்க, கலாதேவி அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். ராஜு வைத்த அதே இடம்தான். கடைக்கு வாரம் ஒருமுறை போன் போடுகிறாள். "இன்னும் வரலக்கா" என்கிறான் அஸ்வான். முனியாண்டியின் சுருட்டும் அதுவரை கடனில்தான் நிற்கிறது.