தர்மப்பிரபு கையில் மைக்

மைக்கைக் கண்டால் எனக்குத் தலைகால் புரியாது. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரருக்கு வைத்த மைக்கில்கூட ‘ஹலோ, ஹலோ’ சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவனை ஒரு பள்ளிக்கூடம் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, ‘ரெண்டு வார்த்தை பேசுங்கள்’ என்றால் என்ன ஆகும்?

அதுதான் இரண்டு வாரம் முன்பு ராயபுரத்தில் நடந்தது.

அங்கே எட்டாம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்ணின் படிப்புச் செலவை நான் ஏற்றிருக்கிறேன். மேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் அதுவல்ல. இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். “என்னப் பத்தி வேணாம் சார். உங்களப் பத்தி எழுதுங்க” என்றாள். அந்தக் கண்டிஷனை மீறாமல் எழுதப் பார்க்கிறேன்.

மேரியின் அம்மா எங்கள் வண்ணாரப்பேட்டைத் தெருவுக்கு வருஷக்கணக்காக மீன் கொண்டு வருகிறவர். வீடு திருவொற்றியூர் பக்கம், கடலோரக் குப்பம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தொழுநோய் வந்து விரல்கள் மடங்கிவிட்டன. மருந்து சாப்பிட்டு நோய் போய்விட்டது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் குப்பம் டாக்டர் பேச்சைக் கேட்குமா? அந்த வீட்டுப் பிள்ளையோடு யாரும் விளையாடுவதில்லை.

“அந்தப் பொண்ணை நாம படிக்க வைப்போங்க” என்றது என் மனைவி. யோசனை அவளுடையது... பெருமை மட்டும் என்னுடையது!

சரி, விழாவுக்கு வருகிறேன். ரெண்டு வார்த்தைதான் பேச நினைத்தேன். சத்தியம்! ஆனால் முன்வரிசையில் போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். அவ்வளவுதான், எனக்குள் இருந்த தர்மப்பிரபு விழித்துக்கொண்டார்.

“தொழுநோயாளியின் மகள் என்று ஊரே ஒதுக்கிய ஒரு குழந்தை... இதோ, உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்! எழுந்திரம்மா மேரி!”

எழுந்தாள். கைதட்டல்! நான் குரலை உயர்த்தி, அந்த நோய் ஒட்டாது என்று விஞ்ஞானம் பேசினேன். அதற்கும் கைதட்டல். ஒரு கன்னியாஸ்திரீ கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில், கூட வந்திருந்த மனைவியைக் கேட்டேன். “பேச்சு எப்படி?”

“அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையில் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் செய்த அசட்டுத்தனங்களை வரிசைப்படுத்தினால், இந்த நினைப்புக்குத்தான் முதல் பரிசு.

இரண்டே நாளில் மேரியின் அம்மா வந்தார். கூடையில் மீன் இல்லை. கையில் ஒரு டிபன் டப்பா. பின்னால், வாசலிலேயே நின்றுவிட்ட மேரி.

“இன்னா நைனா, ஃபீஸு கட்டத்தான உன்னாண்ட கேட்டேன்? மைக்கப் புடிச்சிகினு ஊருக்கே டமாரம் அடிக்கச் சொன்னனா?”

“ஏம்மா, என்ன ஆச்சு?” என்றேன்.

“எங்க குப்பத்தாண்ட இஸ்கோலு இல்லியா? இன்னாத்துக்கு டெய்லி பஸ் ஏத்தி ராயபுரம் அனுப்புறேன்? அங்க அவ அப்பன் கதை எவளுக்கும் தெரியாது, அதுக்குத்தான்! இப்ப பக்கத்துல குந்தவே மாட்டேங்கிறாளுங்க. இஸ்கோலுக்கே போவமாட்டேன்னு அயுவுது பொண்ணு.”

அந்தம்மாவுக்குக் குரல் உடைந்தது. அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் கொஞ்ச காலம் எல்லோரையும் போல இருந்திருக்கிறாள். பத்து நிமிஷ மைக்கில் நான் அதைப் பிடுங்கிவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் எழுத்தாளனுக்குத்தான் எதற்கும் ஒரு வைத்தியம் கைவசம் உண்டே! “கவலைப்படாதீங்கம்மா. இந்த வாரமே என் பத்தியில எழுதி, மக்களுக்கு விழிப்புணர்வு...”

“யம்மாடி, மறுபடியுமா!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிறகு டப்பாவைத் திறந்தார். சோறும் நெத்திலிக் கருவாட்டு வறுவலும். மூடி வைத்தது வைத்தபடி இருந்தது. முன்பெல்லாம் மத்தியானம் அந்த வறுவலுக்குத் தோழிகள் அடித்துக்கொள்வார்களாம். இவள் வாய்க்குப் பாதிகூடக் கிடைக்காதாம். இன்றைக்கு ஒருத்தியும் தொடவில்லை. மேரிக்கும் சாப்பிட மனசு வரவில்லை.

“ஒட்டாது ஒட்டாதுன்னு மேடையில சொன்னியாமே... இந்தா, நீ துன்னு பாக்கலாம்.”

வாசலிலிருந்து மேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. டாக்டர் சொன்னது தெரியும், நானே மேடையில் முழங்கியிருக்கிறேன், கருவாடு என்றால் எனக்கு உயிர்... இருந்தும் கை மடியிலேயே கிடந்தது. எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். மேரி தலையைக் குனிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

என் மனைவி தரையில் உட்கார்ந்தாள். டப்பாவை இழுத்தாள். சோற்றில் வறுவலை வைத்துப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

“காரம் தூக்கலா இருக்கு. ஏய் மேரி, உள்ளே வா. நீயும் சாப்பிடு.”

மேரி வந்து அவளோடு உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் நானும் ஒரு கை அள்ளினேன். இரண்டாவது ஆளாகச் சாப்பிடுவதற்குத் தைரியம் எதற்கு?

“நாளைக்கு ஸ்கூலுக்குப் போ. மத்தியானம் நான் வர்றேன்” என்றாள் மனைவி. போனாள். தினமும் போகிறாள். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் மேரியும் அவளும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறார்கள். பிரசங்கம் கிடையாது. ஊர்க்கதை பேசிக்கொண்டு, நெத்திலி முள்ளைத் துப்பிக்கொண்டு சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். மற்றப் பெண்கள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார்களாம்.

நேற்று அவர்களில் ஒருத்தி, மேரியின் பழைய பெஞ்சுக்காரி, மெல்ல இறங்கி வந்திருக்கிறாள். “ஆன்ட்டி, எனக்குக் கொஞ்சம் வறுவல்...” மற்றவர்கள் இன்னும் வரவில்லை. எப்போது வருவார்கள், வருவார்களா, தெரியாது.

சாயங்காலம் மேரி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏதாவது செய்து பாவத்தைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

“நாளைக்கு நானும் வர்றேனேம்மா?”

மேரி சங்கடமாக என் மனைவியைப் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

“வேணாம் சார்... நீங்க வந்தா பேசுவீங்க.”