இரண்டு அங்குல மேடு

உயர்நிலைப் பள்ளிகளில் கட்டுமான மன்றம் தொடங்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சிவில் இன்ஜினியரிங்கைச் செய்முறையாக அறிமுகப்படுத்த வேண்டுமாம். பொறுப்பு யாருக்கு என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசிய அன்று நான் முட்டிவலிக்கு ஊசி போட லீவு எடுத்திருந்தேன். வராதவர் தலையில் கட்டிவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். "கணக்கு டீச்சர்தான, அவுக பாத்துக்கிருவாக" என்று முடித்துவிட்டார்கள். முப்பது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு செங்கல்லைக்கூட நான் அடுக்கியதில்லை.

காரைக்குடியிலிருந்து சாக்கோட்டை தாண்டி உள்ளே போக வேண்டும் எங்கள் பள்ளிக்கு. நாலு நாற்பது பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை என்றால் எனக்குப் பாதிக் கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.

முதல் மூன்று வாரம் ஐஸ் குச்சியில் பாலம் கட்டினோம். பாலம் மூன்று ஜியாமெட்ரி பாக்ஸைத் தாங்கியது, நாலாவதுக்கு உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு, எனக்குத் தலைவலி. கானாடுகாத்தானுக்குக் கூட்டிப்போய்ப் பழைய செட்டிநாட்டு வீடுகளைக் காட்டலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் யோசனை சொன்னார். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதியில் சில ஹோட்டலாகிவிட்டன. நாற்பது பிள்ளைகளை யார் உள்ளே விடுவார்கள்? விட்டாலும் கூட்டிப்போக எனக்குத் தெம்பில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாலாவது வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பையிலிருந்து சுருட்டி வைத்த நீளமான பிளாஸ்டிக் டியூப் ஒன்றை எடுத்தாள். அவளுடைய அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். "எங்கம்மா வேலை பாக்குற எடத்துல கொத்தனாரு குடுத்தாரு டீச்சர். பழசாம், நம்மளே வச்சுக்கலாமாம்" என்றாள். டியூபில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தள்ளி நின்றாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இதை வைத்துத்தான் தரைக்கு மட்டம் பார்க்கிறார்கள். எனக்கு இது புத்தகத்தில் ஒரு வரி. கையில் பிடித்துப் பார்த்தது அன்றுதான்.

வராந்தா முழுவதும் அளந்தார்கள். தலைமையாசிரியர் அறை ஒன்பதாம் வகுப்பைவிட ஒன்றரை அங்குலம் பள்ளம் என்று கண்டுபிடித்ததும் துள்ளிக் குதித்தார்கள். எனக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. ஒருவர் அளந்தால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் அளவு செல்லும் என்று பெரிய இன்ஜினியர் மாதிரி பேசினேன். அடுத்த வாரம் எதை அளக்கலாம் என்றும் வாயைக் கொடுத்தேன்.

"பொம்பளப் பிள்ளைக பாத்ரூம் பைப்ப அளக்கலாம் டீச்சர்" என்றாள் அந்தப் பெண்.

அதை மட்டும் அளக்க வேண்டாமே என்றிருந்தது எனக்கு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புதுக் கழிப்பறை கட்டி முடிந்தபோது தலைமையாசிரியர் மருத்துவ விடுப்பில் இருந்தார். பொறுப்பில் இருந்தது நான். ஒரு வெள்ளிக்கிழமை நாலேகாலுக்குக் காண்ட்ராக்டர் வந்து நின்றார். டைல்ஸ் பளபளவென்று இருந்தது. அவர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார், தண்ணீர் போனது. புதுக் குழாயில் முதல் வாளி எங்கேயாவது போகத்தானே செய்யும்? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை, பஸ்தான் தோன்றியது. வேலை திருப்தி என்ற தாளைக் கைப்பை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

இரண்டே மாதத்தில் அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்தார்கள், மறுபடி அடைத்தது. கடைசியில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது பழைய கழிப்பறை ஒன்றுதான். நூற்றுச் சொச்சம் பெண் பிள்ளைகளுக்கு அது எம்மாத்திரம்? பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வகுப்பில் பார்த்தால் பாட்டில்கள் கழுத்துவரை நிறைந்தபடி நிற்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒரு திங்கட்கிழமை பிரேயரில் மைக்கைப் பிடித்தேன். பேப்பரையும் துணியையும் போட்டு அடைத்தது நீங்கள்தான், உங்களுக்கெல்லாம் புதுசு எதற்கு என்று கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

ஆகவே அந்தக் குழாயை அளப்பது எனக்கு எப்படி இனிக்கும்? ஆனாலும் மாட்டேன் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

கழிப்பறைச் சுவரோரம் ஒரு சிறிய தொட்டி. அங்கிருந்து குழாய் மண்ணுக்குள் இறங்கி, இருபதடி தள்ளி செப்டிக் டேங்குக்கு முன்னால் இன்னொரு தொட்டிக்குப் போகிறது. இரண்டின் மூடியையும் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். டியூபில் நின்ற தண்ணீர் மட்டத்திலிருந்து குழாயின் அடிவரை அளந்தார்கள். கழிப்பறைப் பக்கம் இருபத்தேழு அங்குலம் ஆழம். டேங்க் பக்கம் இருபத்தைந்து. அழுக்குத் தண்ணீர் இறங்கிப்போக வேண்டிய இடம் இரண்டு அங்குலம் மேட்டில் இருந்தது. என்ன போட்டாலும் போடாவிட்டாலும் அது அடைக்கத்தான் செய்யும்.

"டியூப்ல காத்துக் குமிழி இருக்கும், திரும்ப அளங்க" என்றேன். குமிழி இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். டியூபைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அளந்தார்கள். முனைகளை மாற்றிப் பிடித்தும் அளந்தார்கள். அதே இருபத்தேழு, அதே இருபத்தைந்து.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாத்துக்கங்க டீச்சர். எழுதிக் குடுத்தா மொதல்ல உங்களத்தான் கேப்பாக. ரெண்டு வருசத்துல ரிட்டயர் ஆகப் போறீக, எதுக்கு?" என்றார். அவர் நல்லவர்தான். காண்ட்ராக்டருக்கும் அவரே போன் போட்டார் போலிருக்கிறது, ராத்திரிச் சமையலில் இருந்தபோது எனக்கு அழைப்பு வந்தது. "பிள்ளைக டியூப்ப வச்சு விளையாண்டதப் பெருசு பண்றீகளே டீச்சர். வேலை திருப்தின்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீக?"

அன்று நான் தூக்கம் வராமல் புரண்டேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். அலுப்பு அப்படி. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் வியாழக்கிழமை அந்தப் பெண் கிராஃப் தாளில் படம் வரைந்து கொண்டுவந்தாள். இரண்டு தொட்டி, ஒரு குழாய், இரண்டு அளவு. கீழே 'அளந்தவர்கள்' என்று நாலு பெயர், நாலு கையெழுத்து. பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்று எழுதி இடம் விட்டிருந்தாள்.

"நீங்க போட்டாத்தான் டீச்சர் செல்லும்" என்றாள். பேனாவை எடுத்தேன். "ஒரு தடவ அளந்து பாத்துட்டுப் போடுங்க டீச்சர். நீங்கதான சொன்னீக."

அவளுக்குப் பழைய கையெழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அப்படிக் குத்தியது. அவமானமாக இருந்தது.

"வா ஆத்தா, போவோம்" என்று எழுந்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு தொட்டி ஓரம் குந்தினேன். அவள் அங்குட்டு ஒரு முனை, நான் இங்குட்டு ஒரு முனை. நாற்றத்தில் கண் எரிந்தது. நானே படித்தேன், இருபத்தைந்து. கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே, வேலை திருப்தி என்று முன்பு பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் நான்தான் என்று எழுதினேன். தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டுவிட்டு அதை மேலே அனுப்பினார். நாலு நாற்பது பஸ் போய்விட்டிருந்தது.

திங்கட்கிழமை பிரேயரில் மறுபடி மைக்கை வாங்கினேன். அடைத்தது நீங்கள் இல்லை, குழாய் இரண்டு அங்குலம் மேடாக இருக்கிறது, பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் நான், பார்க்காமல் உங்களைத் திட்டியதும் நான் என்றேன். மன்னிச்சுக்கங்க என்றும் சொன்னேன். எதை எதிர்பார்த்தேனோ தெரியவில்லை.

முன்வரிசையில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கியது.

"அப்ப இனிமே தண்ணி குடிக்கலாமா டீச்சர்?"

குழாயை எப்போது மாற்றுவார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இன்னும் இல்லம்மா, கொஞ்ச நாள் பொறுத்துக்கோ என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அது தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கீழே போட்டுக்கொண்டது.