ஏகாம்பரம் எடுக்காத இரண்டாவது படம்

எக்ஸ்ரே ஏகாம்பரம் காலமான செய்தி போன செவ்வாய்க்கிழமை காலையில், ஆரணி பஸ் நிலையத்து டீக்கடையில் என் காதில் விழுந்தது. "தங்கமான மனுசங்க. ஒரு படத்துக்கு மேல எடுக்கவே மாட்டாரு" என்றார் கடைக்காரர். ஏகாம்பரம் வீட்டு வாசலில் கூடியிருந்த நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். பதினோரு வருடம் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கீழே இருட்டறையில் படம் கழுவியவன் நான். எனக்கு அவரைப் பிடிக்காது. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

எக்ஸ்ரே கதிர் உடம்புக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. கொள்கையில் தப்பில்லை. கர்ப்பிணி என்று தெரிந்தால் டாக்டரிடமே சண்டை போட்டுத் திருப்பி அனுப்புவார். "இன்னொண்ணு எடுன்னு கேக்கறவனுக்குத் தொழில் தெரியலன்னு அர்த்தம்" என்று என்னிடம் நூறு முறை சொல்லியிருப்பார். நாளடைவில் நோயாளியைவிட அந்த நல்ல பெயர்தான் அவருக்குப் பெரிதாகிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் பட்டு நெசவாளி கோவிந்தசாமி வந்தார். முறிந்த தொடை எலும்பில் எஃகுத் தகடு வைத்துக் கம்பியால் கட்டியிருந்தது. தறிக்குழியில் இறங்கி மிதிக்கத் தொடங்கியதும் வலி. தறியிலிருந்து எழுந்து அப்படியே வந்திருந்தார். படத்தில் தகட்டின் ஓரமாக மெல்லிய வெள்ளைக் கோடு, கொக்கி மாதிரி.

"சார், அது உள்ள இருக்கா மேல இருக்கான்னு பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துப் பாத்துடலாங்களா?" என்றேன்.

"ஒன் ஒடம்பா அது? போய் வேலையப் பாரு" என்றார்.

கம்பி உடைந்து சதையில் நிற்கிறது என்று முடிவு செய்த டாக்டர், அறுவைக்காக வேலூருக்குச் சீட்டு எழுதினார்.

மத்தியானம் மேசையைத் துடைத்தபோது வெள்ளிச் சரிகை இழை ஒன்று கிடைத்தது. கோவிந்தசாமியின் வேட்டி மடிப்பிலிருந்து விழுந்திருக்க வேண்டும். அதே கொக்கி வளைவு. ஏகாம்பரத்திடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூக்கிப் போடு. சீட்டு எழுதியாச்சி. இப்பப் போய்ச் சொன்னா பேஜாரு" என்றார். தூக்கிப் போட்டேன்.

மூன்றாம் நாள் கோவிந்தசாமியின் தொடையைத் திறந்தார்கள். உடைந்த கம்பி எதுவும் இல்லை. புண் சீழ் வைத்தது. முழங்கால் மடங்காமலே போனது. மடங்காத காலோடு தறிக்குழியில் எப்படி உட்காருவது? தறியை விற்றுவிட்டு ரைஸ் மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனார். அதற்குப் பிறகு எந்த நெசவாளி வந்தாலும் ஏகாம்பரம் அவர் உடம்பை ஈரத்துணியால் துடைத்துத்தான் படுக்க வைப்பார். அதையும் சுத்தம் என்று புகழ்ந்தீர்கள். அந்த மில் வாசலுக்கு ஒரு நாளும் அவர் போகவில்லை.

ஏகாம்பரத்தின் உடலுக்கு மாலை போட்டுவிட்டு நான் நேரே அங்கேதான் போனேன். இன்னமும் அங்கேயே காவலுக்கு இருந்த கோவிந்தசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏகாம்பரத்தை வாய்க்கு வந்தபடி திட்டுவார், நானும் சேர்ந்து திட்டலாம் என்று இருந்தேன். அவர் காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அவரு செத்துட்டாரு, உடு. இத்தினி வருசமா நீ எந்த ஊர்ல இருந்த?"

அடுத்த தெருவில்தான் இருந்தேன். படம் கழுவும் தொழில் எனக்கு மறந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் மட்டும்தான் ஏகாம்பரத்திடமிருந்து எனக்குத் தங்கியது.