பிளாஸ்க்கில் வந்த ஆட்டுக்கால் சூப்

மேலூர்ப் பக்கம் பைக்கிலிருந்து விழுந்த ஒருவருக்கு முகத்து எலும்புகள் நொறுங்கி, தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வாய் ஒரு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பவள் நான். இப்படி உடைந்த முகத்தில் மாஸ்க் பொருந்தாது. தூங்க வைத்தபின் மூச்சு நின்றால் காற்றை உள்ளே தள்ள வழியில்லை. அதனால் மூக்கையும் தொண்டையையும் மட்டும் மரக்க வைத்து, ஆள் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகச் சுவாசக் குழாயைப் போடுவதாகத் தீர்மானித்திருந்தேன்.

"காலையில எதுவும் குடிக்கலையே?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"இதுக்கெல்லாம் நேரமில்ல. தூங்க வச்சே போட்டு விடுங்க," என்றார் சர்ஜன், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தச் சபலம் வந்திருந்தது. மருந்து ஏற்றிய ஊசி கையில்தான் இருந்தது. ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் சொன்ன விதத்துக்காகவே மாட்டேன் என்றேன்.

குழாய் தொண்டையைத் தொட்டதும் அவருக்குக் குமட்டியது. பற்களின் இடுக்கு வழியே, மிளகு வாசனையோடு பழுப்பாக ஏதோ பொங்கி வழிந்தது. பதறிப்போய் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்தோம். விழித்திருந்ததால் அவரே இருமி வெளியே தள்ளினார். தூங்கியிருந்தால் அத்தனையும் நுரையீரலுக்குள் போயிருக்கும். ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவருடைய அண்ணன் பிளாஸ்க்கும் கையுமாக நின்றிருந்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆட்டுக்கால் சூப்புதேன் டாக்டரம்மா. எலும்பு ஒடஞ்சு கெடக்கானே, வெரசாக் கூடட்டும்னு ஸ்ட்ரா போட்டுக் குடுத்தேன். வேணாம்னு கைய ஆட்டுனான், நாந்தேன் விடல. அம்புட்டையும் குடிச்சிட்டான்."

கத்துவதற்குத்தான் போனேன். என் மகன் கையை உடைத்துக்கொண்டு வந்தபோது நானும் முதல் வேலையாக அந்தச் சூப்பைத்தான் வைத்தேன். அது நினைவுக்கு வந்ததும் சத்தம் எழும்பவில்லை. தூங்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் சொன்னேன்.

அவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கையாலயே கொன்னுருப்பேனே தாயி," என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க நிதானமா யோசிச்சுச் செஞ்சதுனால பொழச்சான்."

கோபத்தில் செய்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.