ஜம்புலிங்கம் வாய் திறந்தது

ஜம்புலிங்கத்தை ஊரில் வாயில்லாப் பூச்சி என்பார்கள். பூச்சியாவது ராத்திரியில் சத்தம் போடும், இவன் அதுவும் கிடையாது. டீக்கடையில் சர்க்கரை போட மறந்து கொடுத்தால் அப்படியே குடித்துவிட்டு வருவான். இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டர் விசில் கொடுக்க மறந்துவிட்டால், "எறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு மங்கலம்பேட்டை வரைக்கும் போய், அங்கிருந்து நடந்தே திரும்புவான். ஏன் இவ்வளவு நேரம் என்று வீட்டில் கேட்டால் அதற்கும் பதில் வராது.

இப்படி ஒருவனுக்குச் சிந்தாமணியைப் பெண்டாட்டியாகக் கொடுத்த கடவுளுக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் இருவருக்கும் வேலை. அவன் சூளையில் சரக்கு அடுக்குவான். அவள் அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவாள். லீவு கேட்பதென்றாலும் அவள்தான், பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்தால் சண்டைக்குப் போவதும் அவள்தான். அவள் பார்த்துக்கொள்வாள் என்ற நிம்மதியிலேயே ஜம்புலிங்கம் இருபது வருஷத்தை ஓட்டிவிட்டான்.

2005 ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியபோது, களிமண் குவியல் நனையாமல் தார்ப்பாய் கட்டக் கொட்டகை மேல் ஏறியவன் வழுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, சேற்றில் புரண்டது. அப்போதும் அவன் கத்தவில்லை. சிந்தாமணிதான் தெருவே கூடும்படி கத்தினாள்.

ஜங்ஷன் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, எலும்பைச் சேர்த்துப் பிளேட் வைத்தார்கள். வார்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஜோஸ்பின் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"உள்ள பிளேட் இருக்குதுங்க. கிருமி எறங்கிடுச்சின்னா அதைப் புடிச்சிக்கும், லேசுல போவாது. யாரு தொட வந்தாலும் கை கழுவச் சொல்லுங்க. நான் வந்தாலும் கேளுங்க, டாக்டர் வந்தாலும் கேளுங்க. யாரும் கோச்சிக்க மாட்டாங்க."

கேட்பது என்றால் சிந்தாமணிக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? மறுநாள் காலை டாக்டர் கட்டைப் பிரிக்கக் குனிந்தபோதே மடக்கிவிட்டாள்.

"சார், கை கழுவுனீங்களா?"

ஜம்புலிங்கத்துக்குக் கட்டிலோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லம்மா. நல்ல வேளை கேட்டீங்க," என்று சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போனார். அன்றிலிருந்து வார்டுக்குள் நுழையும்போதே ஈரக் கையைச் சிந்தாமணிக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டுதான் வருவார்.

டாக்டர் வழிக்கு வந்துவிட்டார். சொந்தபந்தம்தான் வழிக்கு வரவில்லை. குழாய் இருந்தது வராந்தாவின் கடைசியில். திட்டக்குடியிலிருந்து பஸ் பிடித்து ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்களை மறுபடியும் அவ்வளவு தூரம் விரட்டினால் முகம் சுளித்தார்கள். சிந்தாமணி யோசித்தாள். கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பேசினும் டெட்டாலும் வாங்கி வந்து, தண்ணீரில் கலந்து கட்டிலின் காலடியில் வைத்துவிட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் அதில் கையை முக்கி அலசிவிட்டுத்தான் கிட்டே வர வேண்டும். டாக்டரும் சிஸ்டரும் வரும் நேரத்தில் மட்டும், வழியை அடைக்கிறது என்று வார்டு கூட்டும் ஆயாம்மா திட்டுவாள் என்பதால் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

கம்பெனியில் அப்படித்தான் பழக்கம். வேலை முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே டிரம்மில்தான் கை அலசுவார்கள். கையில் ஒட்டிய மண் அடியில் தங்கும், அதை வழித்து மறுபடியும் கரைத்து அச்சில் ஊற்றலாம். குழாயில் கழுவி மண்ணைச் சாக்கடைக்கு விட்டால் மேஸ்திரி சும்மா விடமாட்டார். நாள் முழுக்க அந்தத் தண்ணீர் பால் போல இருக்கும். டெட்டால் கலந்த பேசினும் அப்படித்தான் வெள்ளையாக இருந்தது. பீங்கான் வேலை செய்கிறவர்கள் கண்ணுக்கு வெள்ளைத் தண்ணீர் அழுக்காகத் தெரிவதில்லை.

பக்கத்துக் கட்டிலில் நல்லூர் ஆசீர்வாதம் என்ற பெரியவர் இருந்தார். சர்க்கரை வியாதி, பாதத்தில் ஆறாத புண். பேச்சுத் துணை இல்லாமல் இருக்க முடியாத மனுஷர். புண்ணுக் கட்டை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொள்வார், பிறகு நொண்டிக்கொண்டே வருவார், சிந்தாமணிக்குப் பயந்து பேசினில் கையை முக்குவார், ஜம்புலிங்கத்தின் கட்டிலில் உட்கார்ந்து மணிலாக் கொட்டை விளைச்சலைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் அவருடைய கட்டு மஞ்சளாக ஊறியிருந்தது. அதைத் தொட்ட விரல்களைத்தான் அவர் பேசினில் விட்டார். அடுத்து வந்த மச்சான் அதே தண்ணீரில் கை நனைத்துவிட்டு ஜம்புலிங்கத்தின் காலை ஆசையாகத் தடவினான். ஜம்புலிங்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே கிடந்தான். சிந்தாமணியிடம் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் வாங்கி வைத்த பேசின். அதில் குற்றம் சொல்ல அவனுக்கு எங்கிருந்து தைரியம் வரும்? பெரியவர் மனசும் நோகும். சொல்ல வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

சில நாளில் காய்ச்சல் கண்டது. தையலைச் சுற்றிச் சிவந்து, சீழ் வைத்தது. மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் புண்ணைத் திறந்து கழுவினார்கள். டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"திரும்பவும் சீழ் வச்சா பிளேட்டை எடுக்க வேண்டி வரும். அப்புறம் இந்தக் காலை ஊனி நிக்கறது சந்தேகம்தான்."

சூளைக்காரனுக்குக் கால் போனால் என்ன இருக்கிறது? ஜம்புலிங்கம் அன்று சாப்பிடவில்லை.

கட்டில் விரிப்பை மாற்ற வந்த ஜோஸ்பின் அப்போதுதான் பேசினைப் பார்த்தாள்.

"இதுலயா எல்லாரும் கை கழுவுனாங்க?"

"டெட்டால் ஊத்திதாம்மா வச்சன்," என்றாள் சிந்தாமணி.

"ஒருத்தர் கையில இருக்கறது தண்ணிக்கு வருது. தண்ணியில இருக்கறது அடுத்தவரு கைக்குப் போவுது. சோப்பு போட்டுத் தேய்ச்சி, ஓடுற தண்ணியில கழுவுனாத்தாங்க அது கழுவுன மாதிரி." சிந்தாமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே இறங்கி வந்தாள். "இதுனாலதான் சீழ் வச்சிதுன்னு சொல்லிட முடியாது. சேத்துல விழுந்த காலு, அப்பவே உள்ள போயிருக்கலாம். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா இனிமே இது வேணாம்."

ஆசீர்வாதத்தை வார்டின் மறுகோடிக்கு மாற்றினார்கள். சிந்தாமணி பேசினைத் தூக்கிக்கொண்டு போனாள், வெறுங்கையோடு வந்தாள். அதோடு அவள் வாயும் அடைத்துக்கொண்டது. கோழிக்காகத் தெருவையே அதிர வைத்தவள் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. இவள் இப்படி ஆனதற்கு நான்தான் காரணம், தெரிந்தும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே கிடந்தேனே என்று ஜம்புலிங்கத்துக்கு நெஞ்சு எரிந்தது. அவளுடைய சத்தத்துக்கு மனசு இப்படி ஏங்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

அடுத்த சில நாள் ஊசி, மருந்து, கட்டு என்று போயிற்று. ஒருநாள் காலை ஜோஸ்பின் கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைத்துவிட்டு, தட்டிலிருந்து புதுத் துணியை எடுக்கத் திரும்பினாள். அதே நேரம் மறுகோடியில் கட்டிலை விட்டு இறங்கிய ஆசீர்வாதம் தடுமாறினார். சிந்தாமணி ஓடிப்போய்த் தாங்கி, அவருடைய காலைக் கட்டோடு தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பினாள். ஜம்புலிங்கத்தின் திறந்த புண்ணை ஒரு ஈ சுற்றிக்கொண்டிருந்தது. பதறிக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

"தொடாத!"

யார் கத்தியது என்று வார்டே திரும்பிப் பார்த்தது. ஜம்புலிங்கம் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தான். நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"தொடாத சிந்தாமணி. மொதல்ல போயி கை கழுவிட்டு வா. சோப்பு போட்டு."

சிந்தாமணி அப்படியே நின்றாள். இருபது வருஷத்தில் அவன் அவளை ஏவியது இதுதான் முதல் தடவை. தன் கையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபேச்சில்லாமல் வராந்தாவை நோக்கி ஓடினாள். ஈயை ஜோஸ்பின் அட்டையால் விசிறி விரட்டினாள்.

டாக்டர் வந்தார். ஜம்புலிங்கத்தின் பார்வையைப் பார்த்ததும் ஈரக் கையைத் தூக்கிக் காட்டினார். புண்ணை வெகு நேரம் பார்த்தார்.

"சீழ் இல்ல. நல்ல சதை வளருது. பிளேட் அப்படியே இருக்கட்டும், கால் தேறிடும்."

வாசலில் நின்று சிந்தாமணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எதிலும் பட்டுவிடாமல் இரண்டு கைகளையும் முன்னால் ஏந்திக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. ஜோஸ்பின் புதுக் கட்டைப் போட்டு முடிக்கும் வரை ஒதுங்கி நின்றிருந்து, பிறகு கட்டிலோரம் வந்தாள்.

"இப்ப தொடலாமாய்யா?" என்று அவனைக் கேட்டாள்.

"ம். தொடு," என்றான் ஜம்புலிங்கம்.