ஜெனாட்டின் கணவர் கவுன்சிலராக இருந்த காலம்

மொன்றியலின் கோட்-தெ-நேஜ் பகுதியில் எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறுதோறும் இரண்டு பூசைகள். முதலாவது பிலிப்பீனோக்களுடையது, அடுத்தது தமிழருடையது. பிலிப்பீனோக்கள் மண்டபத்தில் சாப்பிட்டு முடிப்பதற்குள் நாங்கள் ரோல்ஸ் தட்டுகளோடு வாசலில் போய் நிற்போம். அப்படி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடையில் இருந்த ஒல்லியான ஒருவன், வெளியே ஒரு வெள்ளைக் காரின் முன்விளக்கு அணைக்கப்படாமல் எரிகிறதென்று ஒலிவாங்கியில் அறிவித்தான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஏதோ ஒரு நாட்டின் சனாதிபதி இறந்துபோன செய்தியைக் கேட்டதுபோல மண்டபம் முழுவதும் அடங்கிப்போனது. அப்படி ஒரு குரல்.

கார் செபஸ்தியாம்பிள்ளை அண்ணையுடையது. விளக்கை அணைக்க ஓடியவள் அவருடைய மகள் ஜெனாட். திரும்பி வந்து அவனுக்கு நன்றி சொன்னாள்.

அவன் பெயர் றமில். பிலிப்பைன்ஸின் பனாய் தீவில் ஒரு ஆற்றங்கரைச் சிற்றூரைச் சேர்ந்தவன். இருபது வயதில் அந்த ஊரின் சின்ன வானொலி நிலையத்தில் காலைச் செய்தி வாசிக்கத் தொடங்கியவன். வீட்டுப் பணிக்கென்று மொன்றியலுக்கு முன்னரே வந்திருந்த தாய் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார். இங்கே புவாண்ட்-கிளேரில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டி அடுக்கினான். சனிக்கிழமைகளில் மட்டும், சமூக வானொலி ஒன்றில் பிலிப்பீனோக்களுக்கு ஒரு மணி நேரம் நிகழ்ச்சி செய்தான். யாருக்கு வீடு வேண்டும், யாருக்குப் பிள்ளை பிறந்தது, ஊரில் எங்கே புயல் அடித்தது, எல்லாம் அதில் வரும்.

ஜெனாட் அவனைத்தான் கட்டப்போகிறேன் என்றபோது தாய் பிலோமினம்மா பெரிதாகச் சத்தம் போட்டார்.

"பேசிப்பறைய ஏலாத மருமோனை வைச்சு நான் என்ன செய்யிறது?"

செபஸ்தியாம்பிள்ளை அண்ணை சோற்றைக் குழைத்தபடியே பதில் சொன்னார். "வேதக்காரன்தானே. மீனும் சோறும் தின்னிறவன். வேறென்ன வேணும் உனக்கு?"

கலியாணம் நடந்தது. றெபேக்கா பிறந்தாள். அண்ணை மாரடைப்பில் போனபின் பிலோமினம்மா மகளோடு வந்து இருந்தார். மாமியும் மருமகனும் பேசிக்கொள்ள இருந்த சொற்கள் குறைவு. "சாப்பிட்டாச்சே?" "ஓம், மாமி." ஆனாலும் அவன் வேலையால் வரும்வரை பிலோமினம்மா சாப்பிடமாட்டார். பகல் முழுவதும் கார்தெரி என்ற பிள்ளைக் காப்பகத்தில் சின்னப்பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் ஜெனாட்டுக்கு அவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

வெயார்ஹவுசில் அவனை எல்லோரும் 'றே' என்று கூப்பிட்டார்கள். பல வருடங்களாக அப்படித்தான். அவன் திருத்தவில்லை. எதைச் சொல்வதென்றாலும் முதலில் "சொறி" என்று தொடங்குவான். சனிக்கிழமை அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டான் என்று ஜெனாட் ஒருமுறை எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில், ஊரில் அவன் விட்டுவந்த காலை நிகழ்ச்சியை அத்தனை வருடமும் நடத்திவந்த நண்பன் நெஸ்தோரைச் சுட்டுவிட்டார்கள். நிகழ்ச்சி முடிந்து நிலையத்தின் படலையைத் திறந்தபோது மோட்டார்சைக்கிளில் வந்த இருவர் சுட்டார்கள். ஆற்றில் இயந்திரம் இறக்கி மண் அள்ளும் கொம்பனியைப் பற்றி நெஸ்தோர் ஒவ்வொரு நாளும் பேசிவந்திருந்தான். கரை இடிந்து வீடுகள் போகும் என்று சொல்லிவந்திருந்தான். யார் சுட்டார்கள் என்று பொலீஸ் கண்டுபிடிக்கவேயில்லை.

றமில் செத்தவீட்டுக்குப் போனான். இரண்டு கிழமையில் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் போனான். அடக்கம் முடிந்த அடுத்த நாள், வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்காரத் துணியவில்லை, ஒரேயொரு காலை மட்டும் வந்து வாசி என்று நிலையத்தின் சொந்தக்காரர் கேட்டிருக்கிறார். வாசித்தான். அடுத்த காலையும் வாசித்தான்.

"எப்போது வருகிறாய்?" என்று ஜெனாட் தொலைபேசியில் கேட்டாள். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"சனங்கள் நிலையத்துக்கு வெளியே வந்து நிற்கிறார்கள், ஜென். நான் உள்ளே போகும்போது என்னைச் சுற்றி நடந்து வருகிறார்கள். பாதுகாப்பாம். கிழவிகள், ஜென். கையில் குடையோடு."

அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நத்தாருக்கு வந்தான். தை மாதம் திரும்பிப் போனான். அப்படியே போக்கும் வரவுமாக இருந்தது, பிறகு கொரோனாவில் வரவு நின்றது. றெபேக்கா பப்பாவைத் திரையில் பார்த்தே உயரம் வளர்ந்தாள். அவள் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசுவாள், அவன் பதிலுக்கு மூன்று மொழி கலப்பான். வீட்டுக் கூடத்தில் அந்த நேரம் மட்டும் கலகலப்பாக இருக்கும்.

அதன்பிறகுதான் தேர்தல் வந்தது. ஊர்ச் சபையில் மண் கொம்பனிக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் கவுன்சிலர்களின் கையில் இருந்தது. வானொலியில் கத்தினால் மட்டும் போதாது, உள்ளே ஒரு ஆள் வேண்டும் என்று குடையோடு வந்த அதே கிழவிகள் அவனை நிற்கச் சொன்னார்கள். நிற்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கனடாவில் அவன் எடுத்திருந்ததுபோல் வேறு நாட்டின் குடியுரிமை எதுவும் வேண்டாமென்று சத்தியம் செய்து கொடுக்கவேண்டும்.

அவன் சத்தியம் செய்த செய்தியை ஜெனாட் தாயிடம் சொன்னபோது பிலோமினம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"உந்தச் சிற்றிசனுக்காக உன்ர கொப்பர் எத்தினை கோடு ஏறி இறங்கினவர் தெரியுமே? லோயருக்கு முன்னால குந்தி அழுதவர். கிடைச்ச அண்டைக்கு அந்தக் கடுதாசியைக் கொஞ்சினவர். இவர் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாராமோ?"

"சட்டம் அம்மா அது. அப்பிடிச் சொன்னாத்தான் நிக்கலாமாம்."

"அப்ப நீயும் பிள்ளையும்?"

ஜெனாட் தாய் உரித்த வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.

தேர்தலுக்கு இரண்டு கிழமை முன்னர் அவள் லீவு எடுத்துக்கொண்டு அவனுடைய ஊருக்குப் போனாள். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும் பூசை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்.

"சந்தை வளவுக்கை மேடை போட்டிருந்தவை. இவர் வெள்ளை ரீசேட்டோட ஏறி மைக்கைப் பிடிச்சார். என்ன சொன்னாரெண்டு எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. சனம் சிரிக்குது, பேந்து அழுகுது, பேந்து கை தட்டுது. நான் இவரையே பாத்துக்கொண்டிருந்தன். எனக்கு அந்த ஆளைத் தெரியாது அக்கா. பதினாறு வருசம் நான் றே எண்டு ஒருத்தரோட குடும்பம் நடத்தியிருக்கிறன். றமில் அங்க நிண்டவர்."

பஸ் வந்தது. ஏறியபின் வேறு எதையோ பேசினாள்.

அவன் வென்றான். மண் கொம்பனியின் அனுமதி சபைக்கு வந்தபோதெல்லாம் எதிர்த்து வாக்களித்தான். ஒரு வாக்கு வித்தியாசத்தில் அனுமதி மறுக்கப்பட்டபடியே இருந்தது. ஜெனாட் மொன்றியலில் பனி தள்ளினாள், வாடகை கட்டினாள், தாயின் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்தாள். பிரிந்துவிட்டார்களா என்று கோவிலுக்கு வரும் எங்கள் பெண்கள் சிலர் கேட்டார்கள். இல்லை என்பாள். அதற்குமேல் சொல்லமாட்டாள்.

இரண்டாயிரத்து இருபத்துநான்கு மாசியில் அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி இருப்பது ஸ்கானில் தெரிந்தது. வெட்டி எடுத்துப் பார்க்காமல் என்னவென்று சொல்லமுடியாதென்றார் டொக்டர். பெரிய கட்டி, கெதியாகச் செய்யவேண்டும் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே ஜெனாட் றமிலுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

எந்த நாள் வெட்டுகிறார்கள் என்று அவன் கேட்டான், வருகிறேன் என்று சொல்லவில்லை.

அப்படிச் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது, அது அவளுக்கும் தெரியும். ஊரில் அவன் சத்தியம் செய்திருந்தாலும், கனடாவின் கணக்கில் அவன் இன்னும் கனடியன்தான். பிலிப்பைன்ஸ் கடவுச்சீட்டில் விசா கேட்டால், நீர் எங்கள் பிரசை, எங்கள் கடவுச்சீட்டோடு வாரும் என்பார்கள். கனடியக் கடவுச்சீட்டு அவனிடம் இருந்தது. ஆனால் அதைக் காட்டி ஒருதரம் பயணம் செய்தாலும், கொடுத்த சத்தியம் பொய் என்று வழக்குப் போடலாம். பதவி போகும். முன்பு வேறு ஊர்களில் அப்படிப் போயிருக்கிறது.

"ஜென், நான் வரட்டுமா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருந்ததென்று அவளுக்கு விளங்கியது. வேண்டாம், றெபேக்கா இருக்கிறாள், அம்மா இருக்கிறா, சமாளிப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவரை எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்லிவந்தாள். அன்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"வா" என்றாள்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வந்து இறங்கினான். விமானநிலையத்தில் அவனைக் கண்டதும் பிலோமினம்மா கைத்தடியை விட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஓம், மாமி. ஓம், மாமி" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

சத்திரசிகிச்சை முடிந்து, கட்டியைப் பரிசோதித்த முடிவும் வந்தது. டொக்டர் பிரெஞ்சில் சொன்னார். றெபேக்காதான் முதலில் விளங்கிக்கொண்டு கத்தினாள்.

"புற்றுநோய் இல்லையாம்! அம்மா, ஒன்றுமில்லையாம்!"

றமில் கட்டிலின் ஓரத்தில் முழந்தாளிட்டு ஜெனாட்டின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்தக் குடும்பம் அன்று இருந்ததுபோல் சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அடுத்த ஞாயிறு அவன் நன்றி சொல்லப் பூசைக்கு வந்தான். மண்டபத்தில் பிலிப்பீனோக்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு அவன் பெருமை. ஒரு பெண் எல்லோரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தாள். ஓரமாக நானும் நிற்கிறேன். "எங்கள் கவுன்சிலர் மொன்றியலில்!" என்று எழுதி, இதயங்களும் பூக்களும் வைத்து அன்றே முகநூலில் போட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

அந்தப் படம் அவனுக்கு முன்னதாகவே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கொம்பனிக்கு ஆதரவான இன்னொரு வானொலி, எந்த நாட்டின் கவுன்சிலர் இவர் என்று காலையும் மாலையும் கேட்டது. வழக்கு வந்தது. மனைவிக்குச் சாகக் கிடக்கும் வருத்தமோ என்று பயந்துதான் போனேன் என்று அவன் சொன்னான். அவளுக்குத்தான் ஒன்றுமில்லையே என்று பதில் வந்தது. கடைசியில் பதவி பறிபோனது. அவனுடைய இடத்துக்கு வந்தவர் முதல் கூட்டத்திலேயே மண் அள்ளுவதற்குக் கை உயர்த்தினார். நிலையத்தின் சொந்தக்காரரும் களைத்துப்போய் நிலையத்தை விற்றுவிட்டார். வாங்கினவர்கள் றமிலை வேண்டாமென்றார்கள்.

போன வருடம் வைகாசியில் அவன் மொன்றியலுக்குத் திரும்பி வந்தான், இனிப் போகும் எண்ணமில்லாமல். புவாண்ட்-கிளேரில் வேறொரு வெயார்ஹவுசில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை நிகழ்ச்சியை இப்போது செய்யும் இளம் பெண் அவனை அழைத்தாள். போகவில்லை. கதைக்க ஒன்றுமில்லை என்றான். வீட்டில் மெதுவாகத்தான் பேசுவான். பக்கத்து அறையில் இருந்தால் கேட்காது.

கார்த்திகையில் ஊரில் பெருமழை. ஆற்றின் கரை இரண்டு இடத்தில் உடைந்தது. அந்த ஞாயிறு, பூசையால் வந்து பிலோமினம்மா படுத்தபின், றமில் குசினி மேசையில் தொலைபேசியோடு இருந்தான். ஊர்ச்சனங்கள் அனுப்பிய குரல் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. சில அழுகை. சில வசை. ஜெனாட் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் உன்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாது" என்றாள். ஒன்றரை வருடத்துக்கு மேலாக அதைச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அவன் கோப்பையைத் தொடவில்லை.

"நீ கூப்பிட்டிராவிட்டால் நான் வந்திருக்க மாட்டேன், ஜென். வேண்டாம் என்று நீ சொல்லவேண்டுமென்றுதான் அப்படிக் கேட்டேன். வா என்றதும் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. நீ அங்கே எந்த நிலையில் கிடந்தாயோ தெரியாது, எனக்குக் கோபம் வந்தது. அப்படிப்பட்ட ஒரு மனிதனைத்தான் அவர்கள் கவுன்சிலராக வைத்திருந்தார்கள்."

ஜெனாட் எழும்பிப் போகவில்லை. அழவுமில்லை. இதை எனக்குச் சொல்லும்போது, அந்த நேரம் என்ன நினைத்தாய் என்று கேட்டேன்.

"உண்மையைச் சொல்லிப்போட்டாரே, இனி இவரோட இருக்கலாம் எண்டு நினைச்சன்" என்றாள். பிறகு, "இருக்கேலுமோ எண்டும் நினைச்சன்" என்றாள்.

தொலைபேசியில் ஒரு வயதான பெண்ணின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனாட்டுக்கு அந்த மொழி தெரியாது.

"என்ன சொல்லுகிறா?"

"வீட்டுக்குள் இடுப்பளவு சேறாம். மகனைக் காணவில்லையாம். நான் எப்போது வானொலியில் வருவேன் என்று கேட்கிறா."

அவன் தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கப் போனான். ஜெனாட் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அடுத்ததையும் போடச் சொன்னாள்.