சானல்கரைச் சரிவில் மரியஜான்

மரியஜான் செருப்பைக் கழற்றி ஒர்க்‌ஷாப் வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு காருக்குள் ஏறி உட்கார்ந்தார். யார் வண்டியானாலும் அப்படித்தான். கோயிலுக்குள் போகிற மாதிரியல்லவா ஏறுகிறார் என்று குலசேகரத்தில் கேலி பேசாத ஆளில்லை. "செருப்பு போட்டா காலுக்குக் காது கேக்காது" என்பார். கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் கிளச்சை மூன்று தடவை மிதித்துப் பார்த்திருப்பார்.

வயது ஐம்பத்திரண்டு. காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். பக்கத்துக் கடையிலிருந்து பால் விடாத கட்டன்சாயா வரும். ஆனால் வண்டியைப் பார்த்து முடிக்காமல் குடிக்க மாட்டார். ஆறிப்போனதைக் கீழே ஊற்றிவிட்டு இன்னொன்று சொல்லுவார். அவரால் அந்தச் சாயாக்கடைக்கு நல்ல வியாபாரம்.

பழைய கார் வாங்கியவர்கள் அவரிடம் வருவது, வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் தரும் ஒரே ஒரு வார்த்தைக்காக. "கொள்ளாம்" என்று அவர் சொல்லிவிட்டால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஒரு காலத்தில் பேர் இருந்தது. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் மிஞ்சிப்போனால், "இப்பத்தைக்கு கொழப்பம் ஒண்ணும் தெரியல்ல" என்பதோடு சரி.

அன்று சாயங்காலம் வந்து நின்றது அஜிதா டீச்சரின் கார். வாங்கி மூன்றே நாள். அவள் கணவன் வைகுண்டராஜன் மூன்று வருஷத்துக்குப் பிறகு தோகாவிலிருந்து மறுநாள் விடியற்காலை திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறான். அவனுக்குத் தெரியாமல் டிரைவிங் படித்து, அவனுக்குத் தெரியாமல் கார் வாங்கி, விமான நிலைய வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவளுடைய எட்டு மாத ரகசியம். ரகசியத்தில் ஒரே கூட்டாளி மாமியார் முத்துக்கனி. நெற்றியில் நீளமாக நாமம் இட்ட அந்த அம்மாள், பின் சீட்டில் ஒரு துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தத்துல ஏறும்போ கருகின மணம் வருது அண்ணே. மத்தபடி வண்டி சூப்பரு. ஹேண்ட்பிரேக்க இழுத்துப் பாருங்க, என்ன டைட்டு!"

மரியஜான் இழுத்தார். டக், டக், டக். மூன்று பல்லோடு நின்றுவிட்டது. அஜிதாவின் முகம் மலர்ந்தது. அவர் முகம் சுருங்கியது.

"பதினோரு வருசம் ஓடின வண்டி டீச்சரே. மூணு பல்லுல பிடிக்கப்பிடாது."

"நல்லா இருந்தாலும் குத்தமா?"

அவர் பெடல்களைக் குனிந்து பார்த்தார். பிரேக் பெடலின் ரப்பர் புதுசு போல இருந்தது. கிளச்சின் ரப்பர் ஓரம் தேய்ந்து வழவழத்திருந்தது. எஞ்சினைப் போட்டு, வலது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளச்சை மெல்ல மெல்ல விட்டார். நல்ல கிளச்சாக இருந்தால் அந்த இடத்தில் எஞ்சின் குலுங்கி அணைந்துவிட வேண்டும். இது அணையவில்லை. கால் முழுக்க எடுத்த பிறகும் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

விற்றவர் நம்பரை வாங்கிப் போன் போட்டார். பூதப்பாண்டிப் பக்கம் வயல்காட்டுக் கிராமத்தில் ஆறுமுகப்பெருமாள் என்றொரு ரிட்டயர்டு தாசில்தார். ஏமாற்றுக்காரராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரோ ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"ஹேண்ட்பிரேக்கா? பதினோரு வருசத்துல நான் அதத் தொட்டதே இல்ல பாத்துக்கிடும். எங்க ஊருல வண்டிய நிறுத்தினா நிறுத்தின எடத்துல நிக்கும்வேய், எங்க போய் உருளும்? கிளச்சு மேல காலு எப்பவும் இருக்கும். ஆடு கோழி குறுக்க வரும் பாரும்."

மரியஜானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தொடாமலே கிடந்த பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. கைக்கு டைட்டாக இருப்பது அந்தத் துரு. சக்கரத்துக்குப் பாதிப் பிடிகூடப் போய்ச் சேராது. சமதரையில் பிறந்து வளர்ந்த வண்டி, ரப்பர் தோட்டத்து மேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறது.

"டீச்சரே, இத இண்ணைக்கு கொண்டு போவப்பிடாது."

"வெளுப்பாங்காலம் எனக்க மாப்பிள வாறாரு அண்ணே!"

"கிளச்சு போனா வழியில நிக்கும், தள்ளிக்கிடலாம். இது நிக்க வேண்டிய எடத்துல நிக்காது."

"நிக்கும். மூணு நாளா எங்க வீட்டு ஏத்தத்துல நிக்கத்தானே செய்யுது?"

"எப்பிடி நிக்குது?"

அஜிதா வேறு பக்கம் பார்த்தாள். முத்துக்கனி பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "நிக்குது, அவ்வளவுதான்" என்றாள் அஜிதா. "நீங்க சாவிய தரல்லண்ணா, ரெண்டாவது சாவி எனக்கிட்ட உண்டு."

மரியஜான் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே ஒரு மண்பாதை செங்குத்தாகச் சானல்கரைக்கு இறங்குகிறது. அடியில் கால்வாய்த் தண்ணீர் சுழித்து ஓடும். "அதுல நிறுத்துவேன். நிண்ணா நீங்க கொண்டு போலாம். ரெண்டு பேரும் மேல கேட்டுப் பக்கத்துல நிக்கணும்."

காரை மூக்கு மேலே பார்க்கச் சரிவில் நிறுத்தினார். பின்னால் இரண்டு எட்டுத் தள்ளி, பாதைக்குக் குறுக்கே ஒரு ரப்பர் மரத்தடியை உருட்டிப் போட்டார். வண்டி உருண்டாலும் சானலுக்குப் போகாது. ஏறி உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். அவருக்குக் கடிகாரம் கிடையாது. 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கி ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம்தான் கணக்கு. உதடு அசைந்தது. முடிந்தது. கார் நின்றது.

"நிண்ணாச்சே!" அஜிதா ஓடி வந்து கையை நீட்டினாள். "சாவிய தாருங்க."

"வீட்டுல எத்தன பேரு?"

"அவரும் பிள்ளையும் சேத்தா நாலு. அதுக்கென்ன?"

அதற்கென்ன என்றுதான் மரியஜானும் ஆறு வருஷத்துக்கு முன்னால் நினைத்தார். ஆளில்லாத காரை இதே சரிவில் நிறுத்திப் பார்த்து, "கொள்ளாம், கொண்டு போங்க" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் திற்பரப்பில் குடும்பத்தோடு ஏற்றத்தில் நின்றபோது பின்னோக்கி உருண்டு, அன்னாசிப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒருவரின் காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. யாரும் மரியஜானைக் குறை சொல்லவில்லை. அந்த விபத்தைப் பற்றிச் சாயாக்கடையில் பேசிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகத்தான் கேட்டார். யாராவது வந்து சட்டையைப் பிடித்திருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். யாரும் வராததுதான் இன்றுவரை அவரை அரிக்கிறது.

நாலு ஆள் கனத்துக்கு மணல் சாக்குகளைக் காருக்குள் தூக்கி வைத்தார். வியர்வை சொட்டியது. அஜிதா அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். "வேணுமுண்ணு செய்யிதியளா அண்ணே?" என்றாள். மரியஜான் மறுபடி ஏறினார். இழுத்தார். டக், டக், டக். காலை எடுத்தார். உதடு அசைய ஆரம்பித்தது.

மந்திரம் பாதி ஆகவில்லை. எங்கோ ஒரு கம்பி முனகியது. கார் ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்தது. அப்புறம் ஒரு சாண். தடி இருக்கிறது, டீச்சர் கண்ணால் பார்க்கட்டும் என்று மரியஜான் விட்டுப் பிடிக்க நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சேலை குனிந்துகொண்டிருந்தது.

"அத்தே!" அஜிதாவின் அலறலும் அவர் கால் பிரேக்கில் இறங்கியதும் ஒன்றாக நடந்தன. மணல் சாக்கு ஒன்று சரிந்து விழுந்தது. கார் குலுங்கி நின்றது.

பின்னால் சத்தமே இல்லை. அந்த நேரத்தில் மரியஜானுக்குத் திற்பரப்புச் சுவர் தெரிந்தது. அன்றைக்கு அவர் அதைப் பார்க்கவே இல்லை. இப்போது ஒவ்வொரு கல்லாகத் தெரிந்தது.

முத்துக்கனி நிமிர்ந்தார். காருக்கும் தடிக்கும் நடுவில், பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார். மடித்த துணிப்பை கக்கத்தில் இருந்தது. அதிலிருந்த கருங்கல் சக்கரத்தின் அடியில் இருந்தது.

"பயப்படாத மக்கா, கல்லு வச்சாச்சு. இனி உருளாது" என்றார், வேலையை முடித்த திருப்தியோடு. "மூணு நாளா நாந்தான வைக்கியேன். இவ பிரேக்கப் பிடிச்சிட்டு இருப்பா, நான் எறங்கி ஓடிப் போய் வைப்பேன். நல்ல பழக்கமாயாச்சு."

அஜிதா மாமியாரின் கையைப் பற்றி ஓரமாக இழுத்து நிறுத்தினாள். பற்றிய கையை விடவில்லை. காருக்கும் தடிக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு ஆள் குனிந்தால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று கணக்கு டீச்சருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கைப்பையிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்து, திறந்திருந்த சன்னல் வழியாக டாஷ்போர்டில் வைத்தாள். "முதல் பஸ்ஸுல போறேன் அண்ணே" என்றாள். "வண்டிய அவரு இஞ்ச வந்து பாத்துக்கிடட்டும்."

தடியை இழுத்து வந்து இரண்டு பெண்களுமாகச் சக்கரத்துக்கு அண்டைகொடுத்தார்கள். மரியஜான் எஞ்சினை அணைத்தார். கியரில் போட்டார். இனி அந்தக் கார் எங்கேயும் போகாது. முத்துக்கனி சன்னல் பக்கம் வந்து, "எறங்கு மக்கா, சாயா ஆறுது" என்றார்.

மரியஜான் சரி என்று தலையாட்டினார். கதவைத் திறந்து வலது கை கதவில், இடது கை ஸ்டியரிங்கில் ஊன்றி எழப் பார்த்தார். பெடலை மிதித்திருந்த வெறுங்கால் மட்டும் வரவில்லை. மறுபடி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, வேறு யாருடைய காலையோ எடுப்பது போல, அதை மெதுவாகத் தூக்கி வெளியே வைத்தார்.